‘என்ற’ வந்தால் ‘தட்’ வருமா? பெயர்ச்சொல்லையும் வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் இணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

“அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்ற செய்தி பொய்.”

இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், ஓரளவு நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்கூட ஒரு நொடி தயங்குகிறார்கள். பிறகு இரண்டாக உடைத்து, “பீப்பிள் ஸே ஹி ஹேஸ் ரிசைன்ட். பட் தட் நியூஸ் இஸ் ஃபால்ஸ்” என்று சமாளிக்கிறார்கள். தப்பில்லை, கேட்பவருக்குப் புரியும். ஆனால் தமிழில் ஒரே மூச்சில் சொன்னது ஆங்கிலத்தில் இரண்டு துண்டாகிவிட்டது. ஒரே மூச்சில் சொல்வதென்றால் இப்படி: “தி நியூஸ் தட் ஹி ஹேஸ் ரிசைன்ட் இஸ் ஃபால்ஸ்.”

ஒரு பெயர்ச்சொல், அதன் பின்னால் ‘தட்’, அதன் பின்னால் ஒரு முழு வாக்கியம். இந்த அமைப்புதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இலக்கணப் புத்தகங்கள் இதற்குப் பல பெயர்கள் வைத்திருக்கின்றன. அவற்றைவிட நமக்குப் பயன்படுவது ஒரே ஒரு தமிழ்ச் சொல்: ‘என்ற’. (‘என்கிற’, ‘என்னும்’, ‘எனும்’, பேச்சில் ‘-ங்கிற’ எல்லாம் அதே குடும்பம்தான்.) அந்தச் சொல்லை எப்போது ‘தட்’ ஆக்கலாம், எப்போது ஆக்கவே கூடாது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதல் படி: வாக்கியத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள்

தமிழில் விஷயம் முன்னால் வரும், பெயர்ச்சொல் பின்னால் வரும், நடுவில் ‘என்ற’ நிற்கும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் முன்னால், விஷயம் பின்னால், நடுவில் ‘தட்’. கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி இடம் வலமாகிவிடுகிறது.

“விலை அடுத்த மாதம் குறையும் என்ற நம்பிக்கையில் அவர்கள் காத்திருக்கிறார்கள்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் ‘என்ற’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள பெயர்ச்சொல் ‘நம்பிக்கை’, ஆங்கிலத்தில் ‘ஹோப்’. இடப்பக்கம் உள்ளது ‘விலை அடுத்த மாதம் குறையும்’. அதாவது ‘ப்ரைசஸ் வில் ஃபால் நெக்ஸ்ட் மந்த்’. இப்போது இடம் மாற்றி ஒட்டுங்கள்: ‘தி ஹோப் தட் ப்ரைசஸ் வில் ஃபால் நெக்ஸ்ட் மந்த்’. கடைசியாக மீதியை முன்னால் சேருங்கள்: “தே ஆர் வெயிட்டிங் இன் தி ஹோப் தட் ப்ரைசஸ் வில் ஃபால் நெக்ஸ்ட் மந்த்.”

முதலில் பேப்பரில் செய்யுங்கள். ‘என்ற’ என்பதைச் சுற்றி ஒரு வட்டம், பெயர்ச்சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. சில நாள் செய்தாலே கை பழகிவிடும், அப்புறம் வட்டமும் கோடும் தேவைப்படாது.

இரண்டாம் படி: இரண்டு ‘தட்’களைப் பிரித்தறியுங்கள்

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் எல்லா ‘தட்’டும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் பாருங்கள்:

“தி நியூஸ் தட் ஹி டோல்ட் மீ.”
“தி நியூஸ் தட் ஹி வொன்.”

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடை. தமிழில் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது: ‘அவர் எனக்குச் சொன்ன செய்தி’, ‘அவர் வென்றார் என்ற செய்தி’. முதலாவது பெயரெச்சம். எந்தச் செய்தி என்று அடையாளம் காட்டுகிறதே தவிர, செய்தி என்னவென்று சொல்லவில்லை. இரண்டாவதில் செய்தியின் உள்ளடக்கமே வந்துவிடுகிறது. ஆங்கிலேயர் பாடம் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாட்டை நம் மொழி பிறப்பிலேயே கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

சந்தேகம் வந்தால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ‘தட்’டுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் தனியாகப் படியுங்கள். ‘ஹி வொன்’ தனியாகவே நிற்கிறது. ‘ஹி டோல்ட் மீ’ நிற்கவில்லை. எதைச் சொன்னார் என்ற இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருந்தால் அது பெயரெச்ச ‘தட்’. அங்கே ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ போடலாம், இந்த உதாரணத்தில் ஒன்றுமே போடாமலும் விடலாம். ஓட்டை இல்லையென்றால் அது நம்முடைய ‘என்ற’ வகை. அங்கே ‘விச்’ போட்டால் தவறு. “தி நியூஸ் விச் ஹி வொன்” என்று எழுதினால், செய்தியையே பரிசாக வென்றார் என்பது போல ஆகிவிடும்.

சில இடங்களில் ஆங்கிலமே குழம்பும். “தி ஃபேக்ட் தட் ஐ நோ வொரீஸ் ஹிம்” என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ‘எனக்குத் தெரிந்த உண்மை அவரைக் கவலைப்பட வைக்கிறது’ என்றும் கொள்ளலாம். ‘எனக்குத் தெரியும் என்ற உண்மை அவரைக் கவலைப்பட வைக்கிறது’ என்றும் கொள்ளலாம். முதலாவதில் அவரை உறுத்துவது ஏதோ ஒரு ரகசியம், இரண்டாவதில் அது எனக்குத் தெரிந்துவிட்டதே என்பது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ‘அவர் இறந்த செய்தி’ என்று எழுதுகிறோம் இல்லையா? வடிவத்தில் அது பெயரெச்சம், பொருளில் ‘இறந்தார் என்ற செய்தி’தான். ஆக, தமிழ் வடிவத்தை மட்டும் நம்பிப் போகாமல் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிச் சின்னத் தொடருக்கு ஆங்கிலத்தில் ‘தி நியூஸ் ஆஃப் ஹிஸ் டெத்’ என்பதே அழகு.

மூன்றாம் படி: ‘என்ற’வுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

நான் பார்த்தவரை தமிழர்கள் அதிகம் தடுமாறுவது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

‘என்ற’ எதையும் மறுக்காது. ‘என்’ என்ற வினைக்குச் ‘சொல்வது’ என்று பொருள். அதிலிருந்து பிறந்த சொல் இது. வாயிலிருந்து வருவது எதுவானாலும் சரி, கேள்வி, கட்டளை, ஆசை, வெறும் பெயர் எல்லாவற்றுக்கும் அதன் முன்னால் இடமுண்டு. ‘தட்’ அப்படியல்ல. அதற்குப் பின்னால் ஒரு கூற்று மட்டுமே வரலாம், அதாவது ‘இது இப்படி’ என்று சொல்லும் முழு வாக்கியம். அதனால் ஒவ்வொரு ‘என்ற’வையும் ‘தட்’ ஆக்கினால் வாக்கியம் நொண்டும்.

கேள்வி இருந்தால் ‘தட்’ கிடையாது. ‘அவர் வருவாரா என்ற சந்தேகம்’ என்பது ‘டவுட் அபவுட் வெதர் ஹி வில் கம்’. ‘யார் இதைச் செய்தது என்ற கேள்வி’ என்பது ‘தி க்வெஸ்டியன் ஆஃப் ஹூ டிட் திஸ்’. ஆனால் சந்தேகமே இல்லை என்று சொன்னால் அது உறுதியான கூற்றாகிவிடுகிறது, உடனே ‘தட்’ திரும்பி வருகிறது: “தேர் இஸ் நோ டவுட் தட் ஹி வில் கம்.” அதே போல “தேர் இஸ் நோ க்வெஸ்டியன் தட் ஷி இஸ் ரைட்” என்றால் ‘அவள் சொல்வது சரி என்பதில் கேள்விக்கே இடமில்லை’ என்று பொருள்.

ஆசை இருந்தால் பெரும்பாலும் ‘டு’. ‘டாக்டராக வேண்டும் என்ற ஆசை’ என்பதை ‘தி டிஸைர் தட் ஐ ஷுட் பிகம் எ டாக்டர்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘வேண்டும்’ என்பதை ‘ஷுட்’ ஆக்கி, ‘என்ற’ என்பதை ‘தட்’ ஆக்கி, சொல்லுக்குச் சொல் நேர்மையாகத்தான் மாற்றியிருக்கிறார்கள். வந்தது ஆங்கிலமாக இல்லை. ஆசைப்படுபவரும் ஆகப்போகிறவரும் ஒருவரே என்றால் ‘தி டிஸைர் டு பிகம் எ டாக்டர்’ போதும். ஆள் வேறு என்றால்தான் ‘தட்’டுக்கு வேலை. ‘தன் மகள் மருத்துவம் படிக்க வேண்டும் என்ற அவர் விருப்பம்’ என்பது ‘ஹிஸ் விஷ் தட் ஹிஸ் டாட்டர் ஷுட் ஸ்டடி மெடிசின்’.

கட்டளைக்கும் ‘டு’தான். ‘உடனே வெளியேறு என்ற உத்தரவு’ என்றால் ‘தி ஆர்டர் டு லீவ் அட் ஒன்ஸ்’.

பெயர் வந்தால் ‘தட்’டும் வேண்டாம், ‘டு’வும் வேண்டாம். ‘மாறன் என்ற மாணவர்’ என்பதற்கு ‘எ ஸ்டூடன்ட் கால்ட் மாறன்’ போதும். ‘சுதந்திரம் என்ற சொல்’ வெறுமனே ‘தி வேர்ட் ஃப்ரீடம்’. ‘ஜனநாயகம் என்ற கருத்து’ என்பதில் ‘ஆஃப்’ வருகிறது: ‘தி ஐடியா ஆஃப் டெமாக்ரஸி’. முழு வாக்கியம் இல்லாத இடத்தில் ‘தட்’ நிற்காது.

கூற்றாகவே இருந்தாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ‘என்ற’ பேச்சை அப்படியே உள்ளே வைத்துக்கொள்ளும்: “‘நான் வருவேன்’ என்ற வாக்குறுதியை அவர் காப்பாற்றவில்லை.” இங்கே ‘நான்’ யார்? எழுதுகிற நான் இல்லை, அவர். ஆங்கிலத்தில் ‘தட்’ போட்டுவிட்டால் எல்லாவற்றையும் வெளியே நிற்பவர் பார்வைக்கு மாற்ற வேண்டும்: “ஹி டிட் நாட் கீப் ஹிஸ் ப்ராமிஸ் தட் ஹி வுட் கம்.” ‘ஐ’ போய் ‘ஹி’ வந்தது, ‘வில்’ போய் ‘வுட்’ வந்தது. இதை மறந்து “ஹிஸ் ப்ராமிஸ் தட் ஐ வில் கம்” என்று எழுதினால், நான் வருவேன் என்று அவர் யாருக்கோ வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். நான் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

நான்காம் படி: எந்தப் பெயர்ச்சொல் இதற்குத் தோதானது?

எல்லாப் பெயர்ச்சொல்லும் ‘தட்’ வாக்கியத்தை ஏற்காது. நாற்காலிக்கு உள்ளடக்கம் கிடையாது, நம்பிக்கைக்கு உண்டு. உள்ளே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளக்கூடிய சொற்கள்தான் இதற்கு ஆகும். மொழியியலாளர்கள் இவற்றை ‘ஷெல் நவுன்’ என்கிறார்கள், அதாவது ஓடு. ஓடு வெளியே தெரியும், சதை ‘தட்’டுக்குப் பின்னால் இருக்கும்.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். வினைச்சொல்லிலிருந்து கண்டுபிடிக்கலாம். சொல்வது, நினைப்பது, உணர்வது சம்பந்தமான வினைச்சொல் ‘தட்’ ஏற்றால், அதிலிருந்து வந்த பெயர்ச்சொல்லும் பெரும்பாலும் ஏற்கும். ‘பிலீவ் தட்’ என்பதால் ‘பிலீஃப் தட்’. ‘சஜெஸ்ட் தட்’ என்பதால் ‘சஜெஷன் தட்’. ‘க்ளெய்ம்’, ‘ஹோப்’, ‘ஃபியர்’, ‘அனௌன்ஸ்மென்ட்’, ‘வார்னிங்’, ‘தாட்’ எல்லாம் இப்படி வந்தவையே. உரிச்சொல்லிலிருந்து வருபவையும் உண்டு: ‘பாஸிபிள்’ தருவது ‘பாஸிபிலிட்டி’, ‘லைக்லி’ தருவது ‘லைக்லிஹுட்’, ‘அவேர்’ தருவது ‘அவேர்னெஸ்’. இவை தவிர, பின்னணி தேடாமல் அப்படியே தெரிந்துகொள்ள வேண்டியவை சில: ‘ஃபேக்ட்’, ‘ஐடியா’, ‘நியூஸ்’, ‘ரூமர்’, ‘எவிடென்ஸ்’, ‘சான்ஸ்’, ‘ரிஸ்க்’, ‘இம்ப்ரெஷன்’.

வினை பெயராகும்போது ஒரு சின்ன மாற்றம் நடக்கிறது. “ஹி வார்ன்ட் அஸ் தட் தி ரோட் வாஸ் க்ளோஸ்ட்” என்பதில் ‘அஸ்’ சும்மா நிற்கிறது. பெயர்ச்சொல்லாக்கினால் அதற்கு ஒரு ‘டு’ வேண்டும்: “ஹிஸ் வார்னிங் டு அஸ் தட் தி ரோட் வாஸ் க்ளோஸ்ட்.”

‘எபிலிட்டி’, ‘ஆப்பர்ச்சூனிட்டி’, ‘பெர்மிஷன்’, ‘அட்டெம்ப்ட்’ ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ போடுங்கள், ‘தட்’ வேண்டாம். ‘டிசிஷன்’ இரண்டையும் ஏற்கும், ஆனால் ‘தி டிசிஷன் டு க்ளோஸ்’ என்பதே அதிகம் கேட்கும் வடிவம். ‘சான்ஸ்’ கொஞ்சம் குறும்பான சொல். ‘எ சான்ஸ் தட் இட் வில் ரெய்ன்’ என்றால் மழை வரும் சாத்தியம். ‘எ சான்ஸ் டு ஸ்பீக்’ என்றால் பேசக் கிடைத்த வாய்ப்பு. தமிழில் இரண்டையுமே ‘வாய்ப்பு’ என்று சொல்லிவிடுவதால்தான் குழப்பம்.

முன்னால் ‘எ’ வருமா, ‘தி’ வருமா? ‘ஃபேக்ட்’ என்றால் ‘தி’ போட்டுவிடுங்கள். ‘ஃபீலிங்’, ‘ரூமர்’, ‘சான்ஸ்’ போன்றவற்றை முதன்முதலாகச் சொல்லும்போது ‘எ’ இயல்பு: “ஐ ஹேவ் எ ஃபீலிங் தட் வி ஆர் லாஸ்ட்.” ‘எவிடென்ஸ்’, ‘நியூஸ்’ இரண்டுக்கும் ‘எ’ கூடவே கூடாது. ‘ஹிஸ் க்ளெய்ம் தட்’ சரி, ‘ஹிஸ் ஃபேக்ட் தட்’ தவறு. க்ளெய்முக்குச் சொந்தக்காரர் உண்டு, உண்மைக்குக் கிடையாது.

ஐந்தாம் படி: பெயர்ச்சொல்லே தீர்ப்பு

எனக்குச் சூடுபட்ட கதை ஒன்று. ஓர் அறிக்கையை மொழிபெயர்த்தபோது ‘வேலையைத் தாமதப்படுத்தினார் என்ற புகார்’ என்பதை அவசரத்தில் ‘தி ஃபேக்ட் தட் ஹி டிலேட் தி ஒர்க்’ என்று எழுதிவிட்டேன். ‘தட்’ அமைப்பு கச்சிதமாக வந்துவிட்ட சந்தோஷத்தில் பெயர்ச்சொல்லைக் கவனிக்கவில்லை. திருத்தியவர் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “இதை நீ நிரூபிப்பாயா?”

‘ஃபேக்ட்’ என்று எழுதிய அந்தக் கணமே நான் நீதிபதி ஆகிவிட்டேன். புகார் சொன்னவர் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டேன். ‘கம்ப்ளெயின்ட் தட்’ என்றோ ‘அலிகேஷன் தட்’ என்றோ எழுதியிருந்தால் விலகி நின்றிருப்பேன். ‘தட்’டுக்குப் பின்னால் வரும் வாக்கியம் ஒன்றே. முன்னால் உள்ள ஓடு மாறினால் எழுதுபவர் நிற்கும் இடம் மாறுகிறது. ‘ஃபேக்ட்’, ‘ரியலைஸேஷன்’, ‘டிஸ்கவரி’ இவையெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொள்ளும் சொற்கள். ‘க்ளெய்ம்’, ‘ரூமர்’, ‘அலிகேஷன்’, ‘அஸம்ப்ஷன்’ தூரத்தில் நிற்பவை. ‘மித்’, ‘லை’, ‘இல்யூஷன்’ பொய்யென்றே முத்திரை குத்துபவை.

இதற்கு வரலாற்றில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. ‘ஆல் மென் ஆர் க்ரியேட்டட் ஈக்வல்’, அதாவது மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்ற வாக்கியம். 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் இதை இப்படிச் சொன்னது: “வி ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ் டு பி செல்ஃப் எவிடென்ட், தட் ஆல் மென் ஆர் க்ரியேட்டட் ஈக்வல்.” பெயர்ச்சொல் ‘ட்ரூத்ஸ்’. நிரூபிக்க வேண்டியதே இல்லாத உண்மைகள் என்கிறார்கள். பெயர்ச்சொல்லுக்கும் ‘தட்’டுக்கும் நடுவில் சில சொற்கள் புகுந்திருப்பதையும் கவனியுங்கள், இந்தப் பிரிவு பற்றிப் பிறகு வருகிறேன்.

87 ஆண்டுகள் கழித்து, 1863 நவம்பர் 19 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஆபிரகாம் லிங்கன் பேசினார். அதே வாக்கியம், வேறு ஓடு: “டெடிகேட்டட் டு தி ப்ராபொஸிஷன் தட் ஆல் மென் ஆர் க்ரியேட்டட் ஈக்வல்.” ‘ப்ராபொஸிஷன்’ என்றால் முன்வைக்கப்படும் ஒரு கூற்று. ஜியோமிதியில் நிரூபிக்க எடுத்துக்கொள்ளும் தேற்றத்துக்கும் அதே சொல்தான். தானாக விளங்கும் உண்மை இப்போது நிரூபித்துக் காட்ட வேண்டிய ஒன்றாகிவிட்டது. அடுத்த வரியிலேயே, இந்தப் போர் அதைத்தான் சோதிக்கிறது என்ற பொருளில் ‘டெஸ்டிங் வெதர்’ என்று தொடர்கிறார். சோதனை என்பதால் அங்கே ‘தட்’ இல்லை, ‘வெதர்’. மூன்றாம் படியில் பார்த்த கதைதான்.

இன்னும் 100 ஆண்டு. 1963 ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவகத்தின் படிகளில் மார்ட்டின் லூதர் கிங். “ஐ ஹேவ் எ ட்ரீம் தட் ஒன் டே திஸ் நேஷன் வில் ரைஸ் அப்...” என்று தொடங்கி, அந்தப் பழைய 1776 வாக்கியத்தை இந்த நாட்டின் ‘க்ரீட்’, அதாவது அடிப்படைக் கொள்கை, என்று சொல்லி மேற்கோள் காட்டுகிறார். இப்போது வெளி ஓடு ‘ட்ரீம்’, கனவு. உண்மை, நிரூபிக்க வேண்டிய கூற்று, கனவு என்று ஒரே எண்ணம் மூன்று ஓடுகளுக்குள் போய் வந்திருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாக்கியத்தில் எங்கே வைப்பது?

எழுவாயாக வைக்கலாம்: “தி ரூமர் தட் ஹி சோல்ட் போத் ஹவுசஸ் இஸ் ஃபால்ஸ்.” வினைச்சொல் எதற்கு இணங்க வேண்டும்? பக்கத்தில் உள்ள ‘ஹவுசஸ்’ காதில் ஒலிப்பதால் ‘ஆர்’ என்று வாய் போகும். எழுவாய் ‘ரூமர்’, அது ஒருமை, ஆகவே ‘இஸ்’.

எழுவாய் ரொம்ப நீண்டுவிட்டால் வாக்கியம் தலை கனத்துச் சாயும். அப்போது ‘தட்’ பகுதியைக் கழற்றிக் கடைசிக்கு அனுப்பலாம். “எ ரூமர் இஸ் கோயிங் அரவுண்ட் தட் தி ஆஃபீஸ் இஸ் மூவிங்.” 1776 வாக்கியத்திலும் பெயர்ச்சொல்லும் ‘தட்’டும் இப்படித்தான் பிரிந்து நிற்கின்றன.

வினைச்சொல்லோடு சேர்த்துச் சொல்லும் ஆயத்தத் தொடர்கள் பேச்சில் மிகவும் உதவும்: ‘ஐ காட் தி இம்ப்ரெஷன் தட்’, ‘வி கேம் டு தி கன்க்ளூஷன் தட்’, ‘தேர் இஸ் எ சான்ஸ் தட்’, ‘தேர் இஸ் நோ எவிடென்ஸ் தட்’. இவற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் ஒரே சொல்லைப் போலப் பழகுங்கள். ‘இட்ஸ் எ பிட்டி தட்’, ‘இட்ஸ் நோ வொண்டர் தட்’ என்பவையும் கிட்டத்தட்ட இந்த இனம்தான்.

அடுத்தது, ‘என்னவென்றால்’. “பிரச்சனை என்னவென்றால், சாவி உள்ளே இருக்கிறது.” இதற்கு ஆங்கிலத்தில் ‘இஸ் தட்’: “தி ப்ராப்ளம் இஸ் தட் தி கீ இஸ் இன்சைட்.” ‘விஷயம் என்னவென்றால்’ என்பது ‘தி திங் இஸ்’. ‘உண்மை என்னவென்றால்’ என்பது ‘தி ட்ரூத் இஸ் தட்’. ‘காரணம் என்னவென்றால்’ என்பது ‘தி ரீசன் இஸ் தட்’. அங்கே ‘பிகாஸ்’ போடுவதைப் பேச்சில் நிறையக் கேட்கலாம், ஆனால் எழுத்தில் பலர் அதைத் திருத்துவார்கள். ‘ப்ராப்ளம்’, ‘ட்ரபிள்’, ‘டிஃபரன்ஸ்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் நேரடியாகத் ‘தட்’ ஒட்டுவதைவிட இந்த ‘இஸ் தட்’ பாலம்தான் பாதுகாப்பு.

ஏழாம் படி: முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்

‘டிஸ்பைட்’, ‘அபவுட்’, ‘டு’, ‘ஃப்ரம்’ போன்ற முன்னிடைச்சொற்கள் ‘தட்’ வாக்கியத்தை நேரடியாகத் தொடவிடாது. ‘டிஸ்பைட் தட் ஹி வாஸ் இல்’ என்று எழுத முடியாது. நடுவில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டால் விட்டுவிடும்: “டிஸ்பைட் தி ஃபேக்ட் தட் ஹி வாஸ் இல்.” லிங்கனின் ‘டெடிகேட்டட் டு தி ப்ராபொஸிஷன் தட்’டிலும் ‘டு’வுக்கும் ‘தட்’டுக்கும் நடுவில் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறது, பாருங்கள். ‘இன் தட்’, ‘எக்ஸெப்ட் தட்’ என்ற இரண்டும் இந்த விதிக்கு அடங்காதவை.

வழி இருக்கிறதே என்று அடிக்கடி போகாதீர்கள். ‘டியூ டு தி ஃபேக்ட் தட்’ என்று நீட்டுவதற்குப் பதில் ‘பிகாஸ்’ என்ற ஒரே சொல் போதும். ‘டிஸ்பைட் தி ஃபேக்ட் தட்’டுக்குப் பதில் ‘ஆல்தோ’. அலுவலகக் கடிதங்களில் இந்தத் தொடர்கள் குவிவதற்குக் காரணம் அவசியமல்ல, கனமாக எழுத வேண்டும் என்ற ஆசை. ஆனால் ‘கெட் யூஸ்ட் டு தி ஃபேக்ட் தட் ஹி இஸ் கான்’ போன்ற இடத்தில் மாற்று கிடையாது, அங்கே தாராளமாகப் போடுங்கள்.

எட்டாம் படி: சில நுணுக்கங்கள்

‘டிமாண்ட்’, ‘ரெகமண்டேஷன்’, ‘ரிக்வயர்மென்ட்’ போன்றவற்றில், இப்படி நடக்க வேண்டும் என்ற பொருள் இருந்தால் வினைச்சொல் மொட்டையாக நிற்கும்: ‘தி டிமாண்ட் தட் ஹி ரிசைன்’. ‘ரிசைன்ஸ்’ அல்ல. ‘ஷுட் ரிசைன்’ என்றாலும் சரி. ‘சஜெஷன்’ இரண்டு முகம் கொண்டது. ‘தி சஜெஷன் தட் ஹி பி ட்ராப்ட்’ என்றால் அவரை நீக்கலாம் என்ற யோசனை. ‘தி சஜெஷன் தட் ஹி இஸ் லையிங்’ என்றால் அவர் பொய் சொல்கிறார் என்ற மறைமுகக் குற்றச்சாட்டு. ‘பி’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

‘தட்’டை விட்டுவிடலாமா? ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்பதைப் போல வினைச்சொல்லுக்குப் பின்னால் தாராளமாக விடலாம். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் பேச்சில் விடுகிறார்கள். எழுத்தில் விடாதீர்கள், படிப்பவர் எங்கே ஒரு பகுதி முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று தேடுவார். ‘தட்’டுக்கு முன்னால் வழக்கமாக கமா வேண்டாம். சொல்லும்போது அதை அழுத்தவும் வேண்டாம். ‘அந்த’ என்ற பொருளில் வரும் ‘தட்’டைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இணைக்கும் ‘தட்’ லேசாக, கிட்டத்தட்ட ‘தெட்’ என்று நழுவிப் போகும். நாம் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் சொல்வதால்தான் நம் வாக்கியம் சரியாக இருந்தும் கேட்பவருக்குத் தட்டுகிறது.

கடைசியில் கொஞ்சம் பயிற்சி

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

“பரீட்சை தள்ளிப்போகும் என்ற வதந்தி பரவியது.” இதில் எழுவாய் நீளம், வினை சின்னது. ஆகவே பிரித்து வையுங்கள்: “எ ரூமர் ஸ்ப்ரெட் தட் தி எக்ஸாம் வுட் பி போஸ்ட்போன்ட்.”

“யாரிடம் கேட்பது என்ற குழப்பம்.” உள்ளே கேள்வி இருக்கிறது, ‘தட்’ வராது: “கன்ஃப்யூஷன் அபவுட் ஹூ டு ஆஸ்க்.”

“அவள் எழுதிய கடிதமும், அதை அவள் எழுதவில்லை என்ற பொய்யும்.” ஒன்று பெயரெச்சம், மற்றது ‘என்ற’. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘தட்’: “தி லெட்டர் தட் ஷி ரோட், அண்ட் தி லை தட் ஷி டிட் நாட் ரைட் இட்.” இரண்டாவதில் ‘இட்’ இருக்கிறது, முதலாவதில் இல்லை. ஓட்டை எங்கே என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

“‘எனக்கு எதுவும் தெரியாது’ என்ற அவருடைய பதிலை யாரும் நம்பவில்லை.” ‘எனக்கு’ என்பதை ‘ஹி’ ஆக்குங்கள், காலத்தையும் பின்னால் தள்ளுங்கள்: “நோபடி பிலீவ்ட் ஹிஸ் ஆன்ஸர் தட் ஹி நியூ நத்திங்.” ‘ஆன்ஸர்’ என்ற இடத்தில் ‘க்ளெய்ம்’ போட்டாலும் இலக்கணப்படி சரிதான். ஆனால் அப்போது அவரை நம்பாதவர்கள் கூட்டத்தில் நீங்களும் போய் நின்றுவிட்டீர்கள்.